பெல்லரன் என்கிற கிமோன்

— வாசப் பலகைல நான் சொல்றத எழுதலாமான்னு மட்டும் சொல்லு பாப்பா. சுத்தி வளைக்காத.

— முதல்ல நீ உக்காருண்ணா. மாட்டுக் கொட்டகை பூட்ஸோட அடுப்படில நிக்காத.

— "கிமோன் குடும்பம். ஒன்பது தலைமுறை, ஒரே நிலம், ஒரே ரத்தம்." இதான் எழுதச் சொல்லப்போறேன். வியாழக்கிழமை மான்ட்ரியல்ல இருந்து கயெத்தான் வந்து நெலத்த வாங்கிக்கப் பத்திரத்துல கையெழுத்துப் போடுறப்ப பலகை வாசல்ல நிக்கணும்.

— அந்தக் கயெத்தானுக்கு மாட்டுல எந்தப் பக்கம் பால் வருதுன்னாவது தெரியுமா?

— சித்தப்பா பேரன். பேரு கிமோன். அது போதும்.

— எடில்சன் வாங்கிக்கிறேன்னு கேட்டானே. ஒன்பது வருஷமா உன்கூடப் பால் கறக்குறான். நீ இடுப்ப ஒடச்சுக்கிட்டுக் கெடந்தப்ப உன்னக் குளிப்பாட்டினதே அவன்தான்.

— அதெல்லாம் சரி. நல்லவன்தான். ஆனா கொலம்பியாக்காரன். நம்ம வாசல் தபால் பெட்டில அவன் பேர எழுதிட்டு நான் எப்படி நிம்மதியாச் சாகுறது?

— அப்ப கேளு. கியூபெக் ஆவணக் காப்பகத்துல நாலு நாள் உக்காந்து பழைய பத்திரமெல்லாம் பாத்தேன். காட்ட வெட்டி இந்த நெலத்த உண்டாக்கினவரு சக்கரி கிமோன். அவரு மகன் தூசான். அப்படித்தானே அப்பா சொல்லுவாரு?

— ஆமா. தூசான்ல இருந்துதான் நாம.

— மாதா கோயில் பதிவேட்டுல தூசான் கல்யாணம் இருக்கு. பேரு எப்படி எழுதியிருக்கு தெரியுமா? "தூசான் பெல்லரன் என்கிற கிமோன்."

— அந்தக் காலத்துல பாதிப் பேருக்கு ரெண்டு பேரு. பட்டாளத்துல வச்சது, ஊருல வச்சது.

— நானும் அப்படித்தான் நெனச்சேன். அப்புறம் இந்தப் பத்திரம் கெடச்சுது, ஆயிரத்து எழுநூத்து நாப்பத்தொம்பதுல எழுதினது. சக்கரிக்கும் அவரு பொண்டாட்டி பெரினுக்கும் புள்ளையே கெடையாது. தூசான் பிரான்ஸ்ல இருந்து மூணு வருஷக் கூலிக்குக் கப்பல் ஏறி வந்தவன். பதினோரு வருஷம் இங்கயே இருந்துட்டான்.

— நீயே எழுதிக்கிட்டு வந்துட்டியா? எடில்சன் பொண்டாட்டி சுட்டுத் தர்ற சோள ரொட்டிய வேற தின்னு பழகிட்ட.

— மாதா சத்தியமா இல்ல. கண்ணாடியப் போட்டுப் பாரு. நெலம், வீடு எல்லாம் தூசானுக்கு. பதிலுக்கு அவன் அவங்களுக்குச் சோறு போடணும், விறகு வெட்டணும், பூசைக்குக் கூட்டிட்டுப் போகணும். "சாகாத கறவை மாடு ஒன்று" கட்டி வைக்கணும்.

— சாகாத மாடா? எங்க கெடைக்குதுன்னு கேளு, நானும் நாலு வாங்கிப்போடுறேன்.

— செத்தா உடனே இன்னொண்ணு கட்டணுமாம். அதான் அர்த்தம். அப்புறம், பேரு அத்துப்போகக் கூடாதுன்னு அவங்க பேரையும் தூசான் எடுத்துக்கணும்.

— அப்ப ரத்தத்துல நாம கிமோனே இல்லையா?

— இல்லண்ணா. சூப் ஆறுது பாரு.

— ரோட்டுல யாராச்சும் பெல்லரன்னு கூப்பிட்டா நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேனே.

— உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு அங்கயே உக்காந்து அழுதுட்டேன்ணா.

— கயெத்தானுக்கும் அப்ப அந்த ரத்தம் இல்ல.

— ஒருத்தருக்கும் இல்ல.

— சொந்தத்துல ஆளே இல்லாமயா கூலிக்காரனுக்குக் குடுத்தாங்க?

— பக்கத்து ஊருல சக்கரியோட அண்ணன் மகனே இருந்திருக்கான். அசல் கிமோன். வேண்டாம்னுட்டாங்க. காரணம் கடைசில எழுதியிருக்கு.

— கோழி கிளறின எழுத்து. நீயே படி.

— "காலையில் இவன் காலடிச் சத்தம் கேட்டால்தான் எங்களுக்குப் பொழுது விடிகிறது."

— எடில்சன் பூட்ஸ்ல இருக்குற பனிய ரெண்டு தடவ படில தட்டுவான் பாப்பா. அது கேக்குற வரைக்கும் நான் எந்திரிக்கிறதே இல்ல. அவன் லீவு போடுற ஞாயித்துக்கிழமை எனக்கு இந்த வீடே பிடிக்கிறதில்ல.

— தெரியும்ணா.

— கயெத்தான்கிட்ட நான் பேசிக்கிறேன். எடில்சன வியாழக்கிழமை நல்ல சட்டை போட்டுக்கிட்டு வரச் சொல்லு.

— எதுக்குன்னு கேப்பானே.

— நெலம் அவனுக்குன்னு சொல்லு. பேர மட்டும் மாத்திக்க வேணாம்னு சொல்லு. தூசான் ஒருத்தன் மாத்திக்கிட்டது போதும்.