காளிராஜ் பத்த வைத்த பம்பர்

டீ வேண்டாம் இன்ஸ்பெக்டர் சார், வரும் வழியில்தான் குடித்தேன். நான் சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டால் போதும்.

பெயர் காளிராஜ். கோவில்பட்டியில் இருபத்திரண்டு வருஷமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். எந்தக் கேட்டையும் மூன்று முறை திறந்து மூடிப் பார்க்காமல் ஒப்படைக்க மாட்டேன். முதல் முறை கனம் தெரியும். இரண்டாவதில் கீல் பேசும். மூன்றாவதில் பேசக் கூடாது. பேசினால் கிரீஸ் வைத்து மறுபடி முதலிலிருந்து. ஊரில் என் கேட் கிறீச்சிட்டு நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

செத்துப்போன ஹரி, தீப்பெட்டிக் கம்பெனி முதலாளி மகன். மழை பெய்தால் ஜீப்பை எடுத்துக்கொண்டு கரிசல் காட்டுக்குள் இறங்கிவிடுவார். பின்கதவில் ஸ்டெப்னி டயர் தொங்கித் தொங்கிக் கதவே விட்டுப்போனது. அதற்காக இரும்பில் ஒரு பம்பரும், அதன் ஓரத்தில் கேட் போலத் திறக்கிற ஒரு கையும் செய்தேன். டயர் அந்தக் கையில் இருக்கும். கையை விலக்கினால்தான் கதவைத் திறக்க முடியும். திறந்த கை சரிவில் தானாக மூடாமலிருக்க விரல் தடிமனில் ஒரு முளை. டயரோடு கை ஐம்பது கிலோவுக்குக் குறையாது. பதினோரு நாள் வேலை. அவ்வளவு சுத்தமாக நான் எதையும் பத்த வைத்ததில்லை. மத்தியானம் அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுவேன்.

வண்டியில் மாட்டிக் கொடுத்த அடுத்த வாரம் என் மனைவி செண்பகவல்லி போனை நீட்டினாள்.

"இந்தப் பம்பர் நீங்க செஞ்சதுல்லா? வீட்லயே தானே செஞ்சதாச் சொல்லுதாவ."

ஹரி வீடியோவில் என் பட்டறைக் கிரைண்டரைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தார். லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபமெல்லாம் இல்லை சார், பசி இல்லை, அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவரே கூப்பிட்டார். சேறு ஏறிக் கீல் இறுகுகிறதாம். புது கிரீஸ் டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு பசுவந்தனைப் பக்கம் போனேன். ஜீப் ஓடைக்குள் மூக்குக் குத்தி நின்றது. கூட வந்தவர்கள் டிராக்டர் பிடிக்க ஊருக்குள் போயிருந்தார்கள். ஹரி இரும்புக் கையை விலக்கி முளையைப் போட்டுவிட்டு, பின்கதவைத் திறந்து உள்ளே கிடந்த கயிற்றை எடுக்கக் குனிந்தார்.

"தம்பி, வீடியோல என் பேரச் சொல்லலையே?" என்று கேட்டேன்.

"பத்த வச்சது மட்டுந்தான அண்ணாச்சி நீங்க. பிளான் என்னோடதுல்லா."

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் முளையை உருவினேன்.

ஓடைச் சரிவு, ஐம்பது கிலோ. இரும்புக் கைக்கும் கதவு நிலைக்கும் நடுவில் அவர் தலை இருந்தது. தேங்காய் உடைக்கிற சத்தம்தான் கேட்டது. "அண்ணாச்சி" என்றார், தெளிவாக. இரும்புக் கையை மறுபடி மேலே தள்ளிவிட்டேன். இரண்டாவதில் அவர் கால் மட்டும் சேற்றை உதைத்தது. கீல் கிறீச்சிட்டது. சேற்றைத் துண்டால் துடைத்து, ஒரு விரல் கிரீஸ் வைத்தேன். மூன்றாவதில் சத்தமில்லை. வெல்டிங்கில் ஒரு கீறல் இல்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது, மறைப்பானேன். பிறகு ரோட்டுக்கு ஓடி ஆட்களைக் கூப்பிட்டேன்.

நீங்கள் விபத்து என்று எழுதினீர்கள். அதோடு விட்டிருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன். நேற்றுப் பேப்பரில் போட்டிருக்கிறார்கள்: தரமில்லாத வெல்டிங் விட்டுப்போய், வண்டி ஆட ஆட டயர் வந்து மோதியதாம். அதைச் செய்தது காளிராஜ் என்று பட்டறைப் பெயரோடு. நன்றாக இருந்த வரைக்கும் அவர் செய்தது, விட்டுப்போனதென்றால் நான் செய்ததா? காலையில் இரண்டு பேர் கொடுத்த கேட் ஆர்டரை வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இந்தாருங்கள் முளை. வளைந்திருக்கிறதா பாருங்கள். அது இருந்த இடத்தைச் சுத்தியலால் அடித்துப் பாருங்கள், விடாது. விட்டது வெல்டிங் இல்லை, நான்.

கோபத்தில் செய்ததாக மட்டும் எழுத வேண்டாம். மூன்று முறை, என் வழக்கப்படி, நிதானமாக.

அன்றைக்கு எடுத்துப்போன அந்தப் புது கிரீஸ் டப்பாவையும் கொண்டுவந்திருக்கிறேன். ஒரு தடவைக்கு ஒரு விரல்தான் வைப்பேன். இதில் ஐம்பது தடவைக்காவது வரும். அன்றைக்கு அப்புறம் அதை நான் தொடவே இல்லை. காலையில்தான் திறந்து பார்த்தேன் சார், அடி வரை ஒட்ட வழித்துக் கிடக்கிறது.