ஒரு வரிசை கந்தகம்

— கலைவேந்தா, பைய கீழ வை. டிரெயின் இன்னும் வரல. இந்த ஸ்கிரீன பாரு.

— வில்லியனூர் ஸ்டேஷன் பெஞ்சுல குந்திக்கினு லேப்டாப் தொறக்கிற ஒரே ஆளு நீதான் தென்றல். நாளைக்கு சென்னையில எனக்கு இன்டர்வியூ. வுடு, டென்ஷன் ஆவாத.

— இது நீ கட்டுன நானோ குழாய்தானபா? மாலிப்டினம் சல்பைடு தகட்ட சாஃப்ட்வேர்ல சுருட்டி, ரெண்டு ஓரத்தயும் ஒட்டுனியே, அது. ஒட்டுன எடத்த பெருசு பண்றேன். இன்னா தெரியுது?

— இன்னா தெரியணும்? அணு தெரியுது.

— மாலிப்டினத்துக்கு வெளியவும் உள்ளயும் கந்தகம் இருக்கணும்ல. இங்க உள்பக்கம் ஒரு வரிசையே காணோம்பா.

— சுருட்டுனப்ப ஓரத்துல அணுமேல அணு ஏறிக்கிச்சு. ஏறுனத அழிச்சேன். எல்லாரும் பண்றதுதான், வுடு.

— ஏறுனத அழிச்சது சரி. பக்கத்துல இருந்த நல்ல வரிசையயும் சேத்து அழிச்சிட்ட.

— ஒரு வரிசைதான.

— அது இல்லாததாலதான் உன் குழாயில கரன்ட் ஓடுதுபா! நான் திரும்ப வெச்சி கணக்குப் போட்டேன். ஓடல. நம்ம ஆராய்ச்சிப் பேப்பர்ல வேற இன்னா இருக்கு? கரன்ட் ஓடும்னு சொன்னதுதான.

— இத எப்ப தோண்டுன?

— நான் கட்டுன குழாய் எதோட கணக்கும் உன்னுதோட ஒத்துப்போவல. என் கைதான் தப்புன்னு என்னையே திட்டிக்கினு இருந்தேன். செல்லிப்பட்டு பஸ்ல ஏறுனா அதே நெனப்பு, சோத்துல கைய வெச்சா அதே நெனப்பு. நேத்துதான் உன் ஃபைல தொறந்தேன்.

— கைடு சார்கிட்ட சொல்லிட்டியா?

— இல்ல. நீயே பத்திரிகைக்கு எழுதி பேப்பர வாபஸ் வாங்கு. அச்சுக்குப் போவறதுக்குள்ள. நான் சொன்னா உன்ன போட்டுக்குடுத்த மாதிரி ஆவும்பா.

— அந்தப் பேப்பர பாத்துதான் என்ன கூப்ட்டிருக்காங்க. மதகடிப்பட்டு பூரா எங்கப்பா சொல்லிக்கினு திரியிறாரு. திரும்பிப் போயி இன்னான்னு சொல்வேன்?

— இத நம்பி எவனாவது லேப்ல செஞ்சிப்பாத்து வருஷத்த தொலைப்பான். அவங்கிட்ட இன்னா சொல்வ?

— சரி, கேளு. உன் ஃபெல்லோஷிப்ப நீட்டிக்கணுமேன்னு சார்கிட்ட நின்னு பேப்பர்ல நம்ம பேரு வரிசைய மாத்தச் சொன்னேன். மாத்திட்டாரு. மொத பேரு உன்னுது. வாபஸ் வாங்குனா மொதல்ல அடிபடுறது நீதான்.

— என்ன ஒரு வார்த்த கேக்காமயா?

— சந்தோஷப்படுவன்னு நெனச்சேன். தோ, சிக்னல் வுழுந்துடுச்சு. இப்பவும் வாபஸ் வாங்கச் சொல்றியா? சொல்லு தென்றல்... இன்னா டைப் பண்ற?

— நீ ஏறு, எடத்த புடி. மொத பேரு என்னுதுன்னா உன்கிட்ட எதுக்குபா கெஞ்சணும்? பத்திரிகைக்கு நானே எழுதிக்கிறேன்.