கட்டம் போட்ட சட்டை

மஞ்சள் நிறம் எனக்கும் பிடிக்காது, ஐயா. கோயிலில் பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு நாள் சாட்டியதும் ஊர் ஆம்பளைகள் எல்லோரும் ஒரே நிறத்தில் சட்டை போடுவது எங்கள் பக்கத்துப் புது வழக்கம். அருப்புக்கோட்டையில் மொத்தமாகத் துணி எடுத்துத் தைத்து வருவோம். பொங்கல் முடியும்வரை அதுதான். இந்த வருஷம் மஞ்சள். ரத்தினம் அண்ணன் மட்டும் கட்டம் போட்ட சட்டையோடு வந்து நின்றார். தனிக்கட்டை, கேட்பதற்கு ஆளில்லை. ஏன் என்றதற்கு, "சாமி என்னைய அடையாளந் தெரியாம முழிச்சிறக் கூடாதுல்ல" என்றார். ஊர் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன். நரிக்குடிப் பக்கம் நாகராஜ் என்றால் தெரியும். இதை வைத்து ஒரு காமெடி டாக்குமெண்டரி எடுக்கலாம் என்று தோன்றியது. மிருகங்களைப் பற்றிய படத்தில் பேசுவார்களே, அந்தக் குரலில், 'கட்டச்சட்டை இனத்தின் கடைசி ஆண் இதோ' என்று ஆரம்பித்தேன். ஊரிடம் ஒன்றுதான் சொன்னேன். நான் 'கட்' சொல்லும்வரை அவர் இருப்பதாகவே காட்டிக்கொள்ளக் கூடாது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் முகத்தில் நடிப்பு வந்துவிடும்.

என்ன ஒற்றுமை, ஐயா. கல்யாணத்தில் ஒரு போட்டோவுக்கு ஒழுங்காக நிற்காத சனம், அண்ணன் பேச்சுக் கொடுத்தால் வேப்பமரத்தைப் பார்த்தது. டீக்கடையில் அவருக்கு கிளாஸ் வரவில்லை. குழாயடியில் அவர் குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்த குடத்தில் தண்ணீர் பிடித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. கட் சொல்ல மனசு வரவில்லை.

குழாயில் தண்ணீர் கிடைக்காததால் அவர் ஊருக்கு வெளியே இருந்த இடிந்த கிணற்றுக்குக் குடத்தைத் தூக்கிப் போனார். நான் கேமராவோடு பின்னால் போனேன். இறங்கும்போது படிக்கல் சரிந்து உள்ளே விழுந்தார். சத்தம் கேட்டு ஊரே ஓடி வந்தது. கேமரா ஓடுவதைப் பார்த்ததும் சனம் அப்படியே நின்றுவிட்டது.

"நாகராசு, கயிறு போடுப்பா" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார். குரலில் கோபம்கூட இல்லை. டீக்கடை மூக்கம்மாள் அக்கா என் பக்கத்தில் வந்து, "தம்பி, நீ இன்னும் கட்டு சொல்லலையே. அவுகளத் தூக்கவா, வேணாமா?" என்று கேட்டார். நான் உதட்டில் விரலை வைத்தேன். கூப்பிடுவது நிற்கும்வரை படம் பிடித்தேன்.

கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. ஆனால் நீங்களும் யோசித்துப் பாருங்கள். அன்று நானும் மஞ்சள் சட்டைதான் போட்டிருந்தேன். ஊரே சும்மா நிற்கும்போது நான் மட்டும் கயிறு தேடி ஓடினால், என்னை ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்களா?