நாலு பேருக்கும் ஒரே முகம்

தொண்ணூறுகளில் ஒரு நாள் காலை, மவுண்ட் ஆல்பர்ட் நிலையத்தில் ரயில் ஏறிய இரண்டு யாழ்ப்பாணப் பெண்கள் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள்.

“என்ர மனுசன்ர முகத்தைப் பார்க்கவே பயமாக் கிடக்கு அக்கா,” என்றாள் இளையவள்.

“ஏன், அடிக்கிறவரே?”

“சீச்சீ. போக்கர் சீட்டு விளையாடி விளையாடி, முகத்தில ஒண்டையும் காட்டாமல் பழகிட்டார்.”

“அதாலதானே போட்டியில வெண்டு, அவரையும் அவற்ர மூண்டு சிநேகிதரையும் பேப்பரில படத்தோட போட்டவங்கள். அதுக்கென்ன?”

“போன கிழமை ஸ்கான் ரிசல்ட் எடுக்க ஆஸ்பத்திரிக்குத் தனியப் போனவர். வந்து ‘ஒண்டுமில்லை’ எண்டார். சீட்டு மேசையில இருக்கிற அதே முகம். மெய்யோ பொய்யோ எண்டு எனக்கு விளங்கேல்லை.”

“மற்ற மூண்டு பேரிட்டையும் கேட்டனியே?”

“கேட்டன். ‘அவனுக்கென்ன, நல்லா இருக்கிறான்’ எண்டினம். அவையின்ர முகத்திலயும் ஒண்டும் தெரியேல்லை.”

“பிறகேன் யோசிக்கிறாய்?”

இளையவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள்.

“அடுத்த மாதம் சிட்னியில பெரிய போட்டி. எப்பவும் நாலு பேரும் ஒண்டாத்தான் போறவை. நேற்று டிராவல் ஏஜென்ட் ரெலிபோன் எடுத்தவ. இந்த முறை மூண்டு ரிக்கற்தான் போட்டிருக்கினமாம். இவற்ர பேர் இல்லை.”

ரயில் அடுத்த நிலையத்தில் நின்றதும் மூத்தவள் எழுந்து அவளுடைய கையைப் பிடித்தாள்.

“எந்த ஆஸ்பத்திரி?”