தறிக்குழிப் பூனை

வள்ளி: அதான் கேக்குறேன்ல... டாக்டரு என்னதான் சொன்னாரு?

ஆவுடையப்பன்: சூடுன்னாரு.

வள்ளி: சூட்டுக்கா கால்ல செவப்பாக் கோடு ஓடும்? இன்னைக்கு விரலு, நாளைக்குப் பாதம்னு?

ஆவுடையப்பன்: ஓடுமாம்.

வள்ளி: பச்சிலை அரைச்சுப் பத்துப் போட்டவ நானு. சூடுன்னு கேட்டுக்கிட்டு வர திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறணுமாக்கும்.

ஆவுடையப்பன்: நீ போன மாசம் திண்டுக்கல்லுக்குப் பூட்டு வாங்கப் போறேன்னு போயிட்டு, பூட்டு இல்லாம வந்த. நான் ஏதாச்சும் கேட்டனா?

வள்ளி: ...நல்ல பூட்டா அமையல.

ஆவுடையப்பன்: பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லுல!

வள்ளி: பேச்ச மாத்தாதீங்க. இந்தக் கட்டு எதுக்கு?

ஆவுடையப்பன்: ஒரு குப்பிய எடுத்தாரு. கோட்டு மேல புஸ்ஸுன்னு பீச்சுனாரு. ஐஸ்கட்டியா ஒறைஞ்சு போச்சு. அப்பறம் பாத்தா தீயில வச்ச மாதிரி எரியுது.

வள்ளி: ஐஸு எங்கயாச்சும் எரியுமா?

ஆவுடையப்பன்: அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும்.

வள்ளி: ...

ஆவுடையப்பன்: என்ன, பேச்சக் காணோம்?

வள்ளி: ஒண்ணுமில்ல. எந்திரிக்காதீங்க. எங்க போறீங்க?

ஆவுடையப்பன்: தறிக்குத்தான். கிளிப்பச்சைச் சேலை பாதியில நிக்கிது.

வள்ளி: இன்னைக்கு நீங்க தறிக்குழியில கால விட்டு மிதிக்கக் கூடாது.

ஆவுடையப்பன்: சூடுன்னுதான சொன்னேன்? சூட்டோட மிதிச்சா என்ன?

வள்ளி: கூடாதுன்னாக் கூடாது. செத்த நேரம் உக்காருங்க.

ஆவுடையப்பன்: சரி... அது எங்க?

வள்ளி: எது?

ஆவுடையப்பன்: அந்தச் சனியன். உம் பூனை. வாசல்ல காலச் சுத்தலயே.

வள்ளி: சரிகையவா தேடுறீங்க?

ஆவுடையப்பன்: தேடல. இடறி விழாம வந்துட்டமேன்னு பாத்தேன்.

வள்ளி: கோழி அடைக்கிற பஞ்சாரத்துல கவுத்து வச்சிருக்கேன். கண்ணுசாமி வாரான்.

ஆவுடையப்பன்: உன் தம்பி வந்தாப் பூனைய எதுக்குக் கவுக்கணும்?

வள்ளி: பூ மூட்டைய திண்டுக்கல்லுல எறக்கிட்டு, வெறுங்கோணியோட நிலக்கோட்டைக்குத்தான திரும்புறான்? அதுல போட்டுக் கொண்டு போகச் சொல்லிட்டேன்.

ஆவுடையப்பன்: ...நீயா? நீயா சொன்ன?

வள்ளி: நாந்தான்.

ஆவுடையப்பன்: கண்ணு தெறக்காத குட்டியா எடுத்துட்டு வந்து, துணியில பால நனைச்சு ஊட்டுனவ.

வள்ளி: அதுக்கென்ன இப்ப? உங்களுக்குத்தான் ஆகாதே. கொண்டாந்த அன்னைக்கு என்ன சொன்னீங்க? "இதுனால வீட்டுல ஒருத்தருக்கு ஒரு தும்மல் வந்தாலும் கோணியில கட்டிருவேன்"னீங்க.

ஆவுடையப்பன்: யாரு தும்முனா இப்ப?

வள்ளி: யாரும் தும்மல.

ஆவுடையப்பன்: தும்மலயில்ல? பெறகு? தறியில ஓட்டுன பாவு நூலு அம்புட்டும் கஞ்சி. எலிக்கு அதான் சோறு. பூனை போன மறுநாளு வந்து பாரு, பாவுக்குப் பதிலா நாரு கெடக்கும்.

வள்ளி: எலிப்பொறி வைப்போம்.

ஆவுடையப்பன்: பொறி மடியில வந்து படுக்குமா?

வள்ளி: யாரு மடியில?

ஆவுடையப்பன்: ...உம் மடியிலதான். வேற யாரு மடியில.

வள்ளி: ஓகோ.

ஆவுடையப்பன்: அது என்ன குத்தம் செஞ்சுச்சு, அதச் சொல்லு.

வள்ளி: கருவாட்டத் தூக்கிட்டுப் போயிருச்சு. நேத்து தட்டுல தனியா வச்சிருந்தேன்ல, அத.

ஆவுடையப்பன்: அதா? அத நாந்தான் தின்னேன்.

வள்ளி: என்னது?

ஆவுடையப்பன்: நான் தின்னேன். பூனையப் பழி சொல்லாத.

வள்ளி: நெசமாவா? முழுசாவா?

ஆவுடையப்பன்: ஆமா.

வள்ளி: அய்யய்யோ... வயித்த ஒண்ணும் பண்ணலயே? தலை சுத்தலயே?

ஆவுடையப்பன்: கருவாட்டுக்கு ஏன் தலை சுத்தப் போகுது?

வள்ளி: ...சும்மா கேட்டேன். இந்தாங்க, தண்ணி குடிங்க. இன்னும் குடிங்க.

ஆவுடையப்பன்: பூனைய அவுத்து விடு.

வள்ளி: முடியாது. உங்க காலு முக்கியமா, பூனை முக்கியமா?

ஆவுடையப்பன்: ...காலுக்கும் பூனைக்கும் என்ன சம்பந்தம்?

வள்ளி: நீங்களே சொல்லுங்க.

ஆவுடையப்பன்: நான் சூடுன்னுதான சொன்னேன்?

வள்ளி: சூடுன்னு நீங்க சொன்னீங்க. டாக்டரு என்ன சொன்னாரு?

ஆவுடையப்பன்: புழுன்னாரு.

வள்ளி: ம்.

ஆவுடையப்பன்: பூனை வயித்துல இருக்குமாம். அது வெளிக்குப் போற எடத்துல முட்டை கலந்துருமாம். மண்ணு ஈரமா இருந்தா பொரிச்சு, வெறுங்காலு பட்டதும் தோலுக்குள்ள ஏறிருமாம். பூனைத் தோலா இருந்தா அதுக்கு வழி தெரியும். மனுசத் தோலுக்குள்ள வந்துட்டு, போக வழி தெரியாமத்தான் இப்பிடிக் கோடு கோடா அலையுதாம்.

வள்ளி: நம்ம குழி மண்ணு.

ஆவுடையப்பன்: நம்ம குழி மண்ணுதான். காத்து வறட்சியா அடிக்குதுன்னு நீ காலையில தண்ணி தெளிக்கிற. பூனையும் எடம் பாத்து அங்கதான் தோண்டுது.

வள்ளி: தெளிக்கலைன்னா இழை அறுந்துரும்.

ஆவுடையப்பன்: அறுந்துரும். அவருகிட்டயும் சொன்னேன். "அப்ப செருப்புப் போட்டு மிதிய்யா"ன்னாரு.

வள்ளி: தறியிலயா!

ஆவுடையப்பன்: சூடம் காட்டிக் கும்புடுற எடம், செருப்பு ஆகாதுங்கய்யான்னேன். துணிய நெய்யிறவன் நீ, உடுத்துறவன் நான், உன் இஷ்டம்னுட்டாரு.

வள்ளி: தண்ணிய நிறுத்த முடியாது. செருப்பும் ஆகாது. அப்ப மிச்சம் பூனைதான். அதான் கண்ணுசாமிய வரச் சொன்னேன்.

ஆவுடையப்பன்: அவரு ஒண்ணும் பூனைய வெரட்டச் சொல்லல. ராத்திரியில குழிய மூடி வைன்னாரு.

வள்ளி: மூடித்தான வைக்கிறேன்! இந்த மாசம் பூரா பாயப் போட்டு மூடுறேன்.

ஆவுடையப்பன்: அது தேளு விழுகாம இருக்கன்னுல்ல சொன்ன?

வள்ளி: ...தேளுக்குந்தான். ஓரத்துல செங்கல்லு வேற வைக்கிறேன். விடிஞ்சு பாத்தா ஒரு மூலை தூக்கிக் கெடக்கு. இந்தப் பூனைக்கு அம்புட்டுப் பலமான்னு நானும் மலைச்சுப் போறேன். என்ன, மேல மோட்டுவளையப் பாக்குறீங்க?

ஆவுடையப்பன்: அது கத்துச்சு வள்ளி.

வள்ளி: எது?

ஆவுடையப்பன்: சரிகைதான். பாயப் போட்டுப் பிராண்டுது, என்னையத் திரும்பிப் பாக்குது, மறுபடி பிராண்டுது. அவசரம்னு மனுசன் நிக்கிற மாதிரியே நின்னுச்சு. மனசு கேக்கல.

வள்ளி: கல்ல நகட்டுனீங்களா?

ஆவுடையப்பன்: ஒரு மூலைக் கல்ல மட்டுந்தான்.

வள்ளி: தெனமுமா?

ஆவுடையப்பன்: அதுக்கு தெனமும்தான வருது.

வள்ளி: நான் மூட மூட... நீங்க தெறக்க... அடக் கடவுளே! பகல்ல சனியன்னு ஏச வேண்டியது, ராத்திரியில கக்கூசுக் கதவு தெறந்து விட வேண்டியது!

ஆவுடையப்பன்: சிரிக்காத. வேற எங்க போகும் அது?

வள்ளி: கொல்லையில தகரத்துல காஞ்ச மணலு போட்டு வச்சிருக்கேன்ல! அதுக்குத்தான் வச்சேன்.

ஆவுடையப்பன்: அந்தத் தகரமா... நான் பீடி அணைக்க நீ வச்சதுன்னு நெனச்சேன்.

வள்ளி: அதுல பீடியப் போட்டீங்களா?

ஆவுடையப்பன்: கொஞ்சமா.

வள்ளி: பீடி நாத்தத்துல எந்தப் பூனை உக்காரும்? உங்க காலுக்கு நீங்களே புழுவ ஏத்தியிருக்கீங்க. நான் என்னடான்னா, இம்புட்டுச் செஞ்சும் உங்களுக்கு வந்துருச்சேன்னு, மனசக் கல்லாக்கிக்கிட்டு அதப் பஞ்சாரத்துல...

ஆவுடையப்பன்: அழுகுறியா, சிரிக்கிறியா?

வள்ளி: போங்க அங்கிட்டு.

கண்ணுசாமி: அக்கா! கோணி கொண்டாந்துட்டேன். எங்க அந்தப் பூனை? பஸ்ஸு வந்துரும்.

ஆவுடையப்பன்: வா மாப்ள. மல்லியப்பூ வாசத்தோட வாரியே.

கண்ணுசாமி: கால்ல என்ன மச்சான் கட்டு?

ஆவுடையப்பன்: சூடு.

வள்ளி: சூடுடா தம்பி.

கண்ணுசாமி: சூட்டுக்குக் கட்டா? சரி, பூனையப் பிடிங்க. வாயி நல்ல அகலம்தான் இந்தக் கோணிக்கு.

ஆவுடையப்பன்: அகலமா இருக்குறதும் நல்லதுதான். குழி மண்ணு போட வசதி.

கண்ணுசாமி: மண்ணா? பூனைன்னுல்ல அக்கா சொல்லி விட்டுச்சு.

வள்ளி: பூனை இருக்கட்டும்டா. நீ கோணியப் பிடி. மேல்மண்ணப் பூராவும் நான் மம்பட்டியால அள்ளிப் போடுறேன். நீ கையால தொடாத, குழிக்குள்ள எறங்காத.

கண்ணுசாமி: ஏன், மண்ணுல என்ன இருக்கு?

ஆவுடையப்பன்: தேளு.

வள்ளி: தேளுதான். கொண்டு போயி ஊருக்கு வெளிய பாறை மேல கொட்டிரு. நல்லா வெயிலு காயட்டும். கொட்டிட்டுக் கையச் சோப்புப் போட்டுக் கழுவு.

கண்ணுசாமி: தேளுக்கா சோப்பு? பூனைய வாங்க வந்தவன மண்ணு சொமக்க விடுறீங்களே! ரெண்டு பேரும் ஒரே மாதிரி முழிக்கிறீங்க. சரி, சரி, நமக்கெதுக்கு... அள்ளுக்கா.

வள்ளி: இந்தா... இன்னும் கொஞ்சம்... போதும். வந்து சாப்பிட்டுப் போ. கத்திரிக்கா வெஞ்சனம் இருக்கு.

கண்ணுசாமி: பஸ்ஸ விட்டாச்சு. சாப்பிடாம எங்க போறது? இத மொதல்ல கொட்டிட்டு வாரேன்.

வள்ளி: போயிட்டான்... ஏங்க, ஒண்ணு கேக்குறேன், உண்மையச் சொல்லணும். அந்தக் கருவாட்ட நெசமாவே தின்னீங்களா?

ஆவுடையப்பன்: இல்ல. சரிகைதான் தின்னுச்சு. வாய நக்கிக்கிட்டே என் மடிக்கு வந்துச்சு.

வள்ளி: அப்பாடா! உசுரு வந்துச்சு எனக்கு. அதுக்குள்ள புழு மாத்திரை வச்சிருந்தேன். மாட்டாஸ்பத்திரியில குடுத்தது.

ஆவுடையப்பன்: புழு மாத்திரையா? எனக்கே புழுன்னு இன்னைக்குத்தான் தெரியும். உனக்கு யாரு சொன்னா?

வள்ளி: ...ஊருல பேசிக்கிட்டாங்க.

ஆவுடையப்பன்: ஊருல. சரி. போன மாசம் கையில கஞ்சி கொட்டிக் கொப்புளிச்சுச்சே, ஆறிருச்சா?

வள்ளி: அது எப்பவோ ஆறிருச்சு. அத ஏன் இப்பக் கேக்குறீங்க?

ஆவுடையப்பன்: சும்மாதான். பஞ்சாரத்த எடு, பாவம், மூச்சு முட்டும். ம்... வா தாயி, வா. கட்டு மேல மட்டும் ஏறாத.

வள்ளி: கொஞ்சுனது போதும். அந்த டாக்டரு... வீட்டுல பூனை கீனை இருக்கான்னு கேட்டிருப்பாரே?

ஆவுடையப்பன்: கேட்டாரு.

வள்ளி: என்ன சொன்னீங்க?

ஆவுடையப்பன்: எங்க தெருவுலயே பூனை கெடையாதுங்கய்யான்னு அடிச்சுச் சொன்னேன்.

வள்ளி: அவரு நம்புனாரா?

ஆவுடையப்பன்: எந்திரிச்சு வந்து, என் துண்டுலருந்து ஒரு மஞ்ச முடிய எடுத்தாரு. வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாரு. "போன மாசம் உங்க ஊருலருந்து ஒரு அம்மா வந்தாங்க. கையில இதே கோடு. பூனையே இல்லன்னு அவங்களும் இப்பிடித்தான் அடிச்சுச் சொன்னாங்க. அவங்க சேலையிலயும் இதே முடிதான் ஒட்டியிருந்துச்சு"ன்னாரு.