சினை மாடும் காதுப் பொத்தானும்

மலேசியாவின் கோலசிலாங்கூரில் ஏறிய பேருந்தில் என் கைபேசி செத்துப்போனதால்தான் முன்னிருக்கைப் பெண்கள் பேசியதைக் கேட்டேன். சாகாவிட்டாலும் கேட்டிருப்பேன்.

"மாடு வாயே தொறக்கலக்கா. காதுதான் சாட்சி சொல்லுச்சு."

"என்னடி செல்வி ஒளர்ற?"

"எங்க சினை மாடு செம்பனைத் தோட்டத்துக்குள்ள பூந்து காணாமப் போச்சுல்ல? செகிஞ்சான் ஊர்ல ஒருத்தர் கட்டி வச்சுக்கிட்டு, நான் வாங்குன மாடுங்குறாரு. மாட்டு டாக்டர் வந்து, காதுல குத்தியிருக்கிற அடையாளப் பொத்தான்கிட்ட மெஷினக் கொண்டுபோனாரு. படிக்குமான்னு எனக்குச் சந்தேகம். பொத்தான் ஒரு கம்பெனி, மெஷின் வேற கம்பெனிலா!"

"அப்புறம்?"

"பீப்னு ஒரு சத்தம். மெஷின்ல நம்பர் வந்துருச்சு. மாட்டுப் பதிவுல பாத்தா எங்க வீட்டுக்காரர் பேரு! எந்தக் கம்பெனி செஞ்சாலும் நம்பர ஒரே முறையிலதான் பதியணும், எந்த மெஷினும் படிக்கணும்னு உலகம் பூரா பேசி வச்சிருக்காங்களாம். டாக்டர் சொன்னாரு."

"உலகம் பூராவா? நம்ம கோயில் கமிட்டில ஏழே பேரு, திருவிழாவுக்கு ஒரு தேதி வைக்க முடியல!"

என் பையில் மூன்று சார்ஜர்கள் இருந்தன. மூன்றும் என் கைபேசிக்குப் பொருந்தாதவை. பொத்தானுக்காகப் பேசி வைத்தவர்களை மனத்துக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

அக்காவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது.

"பொத்தான் எதுக்குடி? ஒன்னப் பாத்ததும் மாடே கத்தியிருக்குமே."

"நீங்க வேறக்கா! கட்டி வச்சவரு போட்ட புல்லத் தின்னுக்கிட்டே, நீ யாருங்குற மாதிரி என்னப் பாத்துச்சு."