சங்கரவடிவு கண்ட குத்தம்

ரயிலும் வரல, தார் ரோடும் வரல, அந்தக் காலத்துல நம்ம பிரண்டைக்குளத்து மேலத்தெருவுல நடந்தது இது. நான் பாக்கல. எனக்குச் சொன்னவளும் பாக்கல. ஆனா நடந்துது. ம் கொட்டுதவ கொட்டுங்க, கொட்டாதவ எந்திரிச்சுப் போயிருங்க. பாதியில எவளாவது கொட்டாவி விட்டா எனக்குக் கெட்ட கோவம் வரும்.

அண்ணன் தம்பி ரெண்டு பேரு. ஒரே வீட்ட நடுவுல செவரு வச்சு ரெண்டாப் பிரிச்சு இருந்தாங்களாம். அண்ணன் பொண்டாட்டி பேரு சங்கரவடிவு. எங்க வீட்டுக்காரருக்குப் பாட்டனப் பெத்தவ. தம்பி பொண்டாட்டி பேரு ஆவுடையா. சங்கரவடிவுக்கு வயலு இருந்துச்சு, ரெண்டு எரும இருந்துச்சு, காதுல பாம்படம் தொங்குச்சு. ஆவுடையாளுக்கு என்ன இருந்துச்சு? ரெண்டு பொம்பளப் புள்ளைக இருந்துச்சு. வண்டி கொடசாஞ்சு இடுப்பொடிஞ்சு படுத்த புருசன் இருந்தான். அவ்வளவுதான்.

அப்ப யாருக்கு யாரு மேல பொறாம வரணும்? நீங்க சொல்லுங்க. ஆனா வந்தது சங்கரவடிவுக்கு!

ஏன்னா ஆவுடையா சும்மா இருக்கல. பொறந்த வீட்டுல குடுத்த உளுந்தத் திரிச்சா. வேலியில கெடந்த பிரண்டைய இடிச்சுச் சாறு எடுத்தா. மாவு பெசஞ்சு, ஒலக்கையால இடிச்சு, மெல்லிசாத் தேச்சு, கொல்லையில ஓலப்பாய விரிச்சு அப்பளம் காயப்போட்டா. மொத வாரம் அவளே சொளவுல வச்சு வீடு வீடாக் கொண்டு போனாளாம். அடுத்த மாசம் அவ எங்கயும் போகல, ஊரு அவ வாசலுக்கு வந்துது. "ஏ ஆவுடையா, அப்பளம் இருக்கா?" "ஆவுடையா மதினி, எனக்கு அம்பது எடுத்து வையிங்க." காலையிலருந்து சாயந்தரம் வரைக்கும் இதே சத்தந்தான்.

வந்தவளுக எல்லாம் சங்கரவடிவு வாசலத் தாண்டித்தான் போகணும். தாண்டித்தான் போனாளுக. ஒருத்தியும் திரும்பிப் பாக்கல. அதுதான் அவளுக்குப் பத்திக்கிட்டு எரிஞ்சுது. வயிறுன்னா வயிறு, அப்படி எரிஞ்சுதாம்.

புருசங்கிட்ட சொல்லுவாளாம், "என்ன பெரிய அப்பளம்? உளுந்தும் உப்பும். அதுக்கா இம்புட்டு ஆட்டம்?"

"நீயும் வேணும்னா போடேன்"ம்பாராம் அவரு.

"நான் ஏன் போடணும்? நான் என்ன கதியத்தவளா?"

வாயிதான் அப்படிச் சொல்லுச்சு. அவரு சந்தைக்குப் போன நேரம் பாத்து மூணு மரக்கா உளுந்த வாங்கி, ஒடச்சுத் திரிச்சு, பானையில கட்டி நெல்லுக் குலுக்கைக்குப் பின்னால ஒளிச்சு வச்சா. நானும் தொழில் ஆரம்பிச்சு இவ வாயில மண்ணப் போடுதேன்னு. ஆரம்பிச்சாளா? ஆரம்பிக்கல. பயம். ஆவுடையா அப்பளத்தவிட நம்ம அப்பளம் மட்டமா வந்துட்டா? அந்த அசிங்கத்த எங்க கொண்டு வைக்க?

சரி, அவ அப்பளத்துல ஒரு குத்தமாவது கண்டுபிடிப்போம்னு எறங்கிட்டா. கொல்லச் செவரு குட்டச் செவரு. எட்டிக் கைய நீட்டி, காயப்போட்ட பாயிலருந்து ஒரு அப்பளத்த எடுப்பா. உள்ள கொண்டு போயி கங்குல சுடுவா. ஓரத்துல கடிப்பா. உப்பு கூடயா? இல்ல. பெருங்காயம் கொறச்சலா? இல்ல. பொரியலையா? நல்லாத்தான் பொரிஞ்சிருக்கு. "பாவி மவ!"ன்னு சொல்லிக்கிட்டே முழுசையும் தின்னுருவாளாம்.

மறுநாளும் எடுத்தா. குத்தம் தேடுனா. கெடைக்கல. தின்னா. அதுக்கு மறுநாளும் எடுத்தா, தேடுனா, கெடைக்கல, தின்னா. இப்படி ஒரு வருசம். ஆவுடையா காக்கா தூக்கிட்டுப் போகுதுன்னு நெனச்சு பாயிக்குப் பக்கத்துல கருப்புத் துணியக் கட்டி வச்சாளாம். இந்தக் காக்கா துணிக்கா பயப்படும்?

அப்பத்தான் பெரிய பண்ண வீட்டுலருந்து ஆளு வந்துது. அந்த வீட்டுப் பொண்ணுக்குக் கல்யாணம். ரெண்டாயிரம் அப்பளம் வேணும். ஆவுடையா புருசங்கிட்ட சொன்னாளாம், "இது நல்லபடியாப் போச்சுன்னா பதினெட்டு ஊரும் நம்மளத் தேடி வரும். கெட்டுதுன்னா எவளும் வாசல மிதிக்க மாட்டா. ரெண்டு புள்ளைகளையும் அந்தப் பண்ணைக்கே சாணி அள்ளத்தான் அனுப்பணும்."

பயந்து பயந்து வேல பாத்தா. அந்த நேரம் பாத்து அவளுக்குக் குளிர்சொரம். ஒடம்பு அனலாக் கொதிக்கு, படுக்க மாட்டேங்கா. கிறக்கத்துல, மாவு பொரியதுக்குப் போடுவோம்லா அப்பளக்காரம், அத ஒரு தடவ போட்டுட்டு, போட்டது மறந்து இன்னொரு தடவையும் போட்டுட்டா. எப்பவும் ஒண்ணச் சுட்டு வாயில வச்சுப் பாப்பா. இது கல்யாணப் பண்டம். சபையில வைக்குமுன்ன செஞ்சவ வாயி படக்கூடாதுன்னு கட்டுப்பாடு. பாக்கல.

ஆனா காக்காவுக்குக் கட்டுப்பாடு ஏது? சங்கரவடிவு வழக்கம்போல கைய விட்டு எடுத்தா. சுட்டா. அப்பளம் செவந்து போச்சு. கடிச்சா. நாக்கு அரிக்கு! சவக்காரத்தக் கடிச்ச மாதிரி இருக்கு!

ஆடுனாளாம் பாருங்க ஒரு ஆட்டம்! "சிக்குனாடி! ஒரு வருசம் கழிச்சுச் சிக்குனா!" அன்னைக்கு ரெண்டு தட்டு சோறு தின்னாளாம். அப்பளம் எடுக்கப் பண்ண வீட்டு வண்டி மறுநாள் மத்தியானம் வருது. வாயத் தொறக்காம இருந்தாப் போதும். ஆவுடையா தொழிலு ஒழிஞ்சுது.

மறுநாள் காலையில தண்ணி எடுக்கப் போனா. கெணத்தடியில பொம்பளைக பேசுதாளுக. "பந்தியில மதுரக்காரன், மலையாளத்தான்னு எவனெவனோ வாரானாம். எல்லாம் ஆவுடையா அப்பளத்தத் திங்கப் போறான்."

சங்கரவடிவுக்குக் கொடம் கையில அப்படியே நின்னுட்டு. எவனெவனோ திங்கப் போறான். தின்னுட்டு எவனெவனோ குத்தஞ் சொல்லப் போறான். "ஒரு வருசம் நான் தேடுன குத்தம்! சந்து பொந்தெல்லாம் தேடுனது நானு. நேத்து வந்தவன் பந்தியில ஒக்காந்து, எலைய ஒதுக்கிட்டு, சுளுவாச் சொல்லிட்டுப் போறதா? விடுவனா?"

கொடத்தப் போட்டுட்டு ஓடி வந்தா. மிச்சம் வச்சிருந்த அந்தச் செவந்த அப்பளத்த எடுத்துக்கிட்டா. கொல்லப்பக்கம் போகல, தெருவாசல் வழியாவே ஆவுடையா வீட்டுக்குள்ள போனா. அங்க ஆறு பொம்பளைக ஒக்காந்து அப்பளத்த அடுக்கிக்கிட்டு இருக்காளுக.

"ஏட்டி, கட்டாத! காரத்த ரெண்டு வாட்டி போட்டிருக்க. தின்னு பாரு, நாக்கு வெந்து போகும்!"

ஆவுடையா வாங்கிப் பாத்தா. மொகம் செத்துப் போச்சு. அப்புறம் மெள்ளக் கேட்டாளாம், "அக்கா, எங்க வீட்டு அப்பளம் ஒங்க கையில எப்படி?"

ஆறு பேரும் பாக்காளுக. பாம்படம் போட்டவ, வயக்காட்டுக்காரி. என்ன சொல்லுவா?

"திருடுனேன்"ன்னா. "தெனம் ஒண்ணு. ஒரு வருசமா."

"ஏங்க்கா?"

"பொறாமதான். வேற என்ன?"

"இத்தன நாளு ஒண்ணுமே சொல்லலையேக்கா."

"சொல்லுததுக்குக் குத்தம் இல்லையேட்டி! அதானே என் வயித்தெரிச்சலு!"

சொல்லிட்டு அழுதுட்டாளாம். ஆவுடையாளும் அழுதா. அழுது என்ன செய்ய? வண்டி வரப்போகுது, வீட்டுல பொட்டு மாவு கெடையாது. சங்கரவடிவு முந்தியால மொகத்தத் தொடச்சா. பெறகு விறுவிறுன்னு தன் வீட்டுக்குப் போயி, குலுக்கைக்குப் பின்னால இருந்த பானையத் தூக்கிட்டு வந்து நடுவீட்டுல வச்சா. வண்டு விழாம மாசாமாசம் வெயில் காட்டி வச்ச மூணு மரக்கா மாவும் அதுல இருந்துது. எதுக்கு வச்சிருந்தேன்னு யாரும் கேக்கல. கேக்காமலே எல்லாருக்கும் வெளங்கிட்டு.

வண்டிக்காரன மறுநாள் வரச்சொல்லி அனுப்பிட்டு, ஆவுடையாளப் படுக்க வச்சுட்டு, தெருவே கூடி இடிச்சுதாம். ஒலக்கை சங்கரவடிவு கையில. ரெண்டாயிரமும் சொன்னபடி கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேந்துது. பந்தியில ஒருத்தனும் குத்தம் சொல்லல.

திருந்திட்டாளான்னு கேக்காதீங்க. சாகுற வரைக்கும் பொறாமைக்காரிதான். பதினெட்டு ஊரு வண்டியும் ஆவுடையா வாசல்ல நின்னுது, இவ பாத்துப் பாத்துப் பொருமுனா. ஆனா அதுக்குப் பெறகு ஆவுடையா எந்த ஈடு போட்டாலும் மொத அப்பளம் தெருவாசல் வழியா இவ கைக்குத்தான் வரும். "குத்தஞ் சொல்லுங்கக்கா"ன்னு நிப்பாளாம்.

அன்னையிலருந்துதான் மேலத்தெருவுல இந்த வழக்கம். வீட்டுல முறுக்கு சுட்டு வித்தாலும் சரி, இட்லிப்பொடி போட்டாலும் சரி, இப்ப கேக்கு போடுதாளுகளே, அந்தக் கேக்கா இருந்தாலும் சரி, மொத துண்டு தெருவுலயே யாருக்குப் பொறாம ஜாஸ்தியோ அவ வீட்டுக்குப் போகணும். அவ நல்லாருக்குன்னு சொல்லக்கூடாது. ஒரு குத்தம் சொல்லணும். அதத் திருத்திட்டுத்தான் யாவாரம். 'குத்தத்துக்குக் குடுக்கது'ன்னு பேரு.

நாலு தலைமொறையா அது எங்க வீட்டுக்குத்தான் வந்துது. எங்க மாமியா குத்தஞ் சொன்னா, பெறகு நான் சொன்னேன். போன ஆவணியில கீழ வீட்டு வேணி ஊறுகா போட்டா. மொதக் கரண்டிய எங்க கொண்டு போனா தெரியுமா? எதுத்த வீட்டுக் கஸ்தூரிக்கு!

கஸ்தூரிக்கு என்னட்டி பொறாம தெரியும்? என்னைய விடவா?